பஸ் ஸ்டாண்டில் ராத்திரி 31 பேர் படுக்கிறார்கள்: யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வரும்?

மருந்துக்கடைக்காரர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டெல்டாப் பக்கம் ஒரு நகராட்சி எங்கள் ஊர், 72,000 பேர் இருப்போம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 24 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் சாவிக்கொத்தைக் கொஞ்சம் சத்தமாக ஆட்டுவேன். படியில் படுத்திருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து, அட்டையை மடித்து, போர்வையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருவரைக்கூடத் தட்டி எழுப்பியதில்லை.

இரண்டு மாதமாக ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. வயது 65-க்கு மேல் இருக்கும். வலது கணுக்காலில் புண், ஐந்து ரூபாய் நாணய அளவில் ஆரம்பித்து உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. நான்தான் தினமும் சலைன் ஊற்றிக் கழுவி, பீட்டாடின் வைத்துக் கட்டிவிடுகிறேன். ஒருநாள் சர்க்கரை பார்த்தேன், 380. ஆட்டோ வைத்து ஜிஹெச்சுக்குக் கூட்டிப்போனேன். மூன்று நாள் வார்டில் வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல மாட்டேன். நான்காம் நாள் இன்சுலினும் மாத்திரையும் கொடுத்து டிஸ்சார்ஜ். இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் திண்ணையில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? இப்போது என் கடை ஃபிரிட்ஜில் தடுப்பூசி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ‘தாத்தா’ என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிய ஒரு குப்பி இருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் வந்து போட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை லீவு. அன்றைக்கு இதற்காகவே வந்து திறக்கிறேன்.

இவர் ஒருவர்தானா என்று யோசித்து, ஆட்டோ ஓட்டும் நண்பரும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் நானும் ஒரு ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினோம். 2 மணிவரை சுற்றினோம். பஸ் ஸ்டாண்டில் 12 பேர், ரயிலடி முகப்பில் 7, கோவில் மேல வீதி மண்டபத்தில் 8, பைபாஸ் பாலத்துக்கு அடியில் 4. மொத்தம் 31 பேர். ஆறு பேர் பெண்கள். பாலத்தடியில் இருப்பது ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள்.

அப்புறம் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினேன். நகராட்சியில், “இதுக்குன்னு தனி நிதி இல்லை சார், வேணும்னா உரக்கிடங்கு பக்கம் இடம் இருக்கு” என்றார்கள். குப்பை கொட்டும் அந்த உரக்கிடங்கு இங்கிருந்து 6 கிலோமீட்டர். ரயிலடியில், முகப்பைத் தாண்டினால் நகராட்சி என்றார்கள். பாலம் இருக்கும் இடம் நகராட்சியே இல்லை, ஊராட்சி எல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. போலீஸில் யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் பெரிய மனிதர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் இவர்களை வேனில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுகிறார்கள். தாத்தாவையும் அப்படி ஒருமுறை இறக்கிவிட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் நடந்து திரும்பி வந்தாராம். அந்த நடையில் செருப்பு அறுந்து பட்ட காயம்தான் இந்தப் புண்.

வரும் புதன்கிழமை எங்கள் வணிகர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வருகிறது. பாதிப் பேர் ‘அப்புறப்படுத்தச் சொல்லி மனு கொடுப்போம்’ என்கிறார்கள். நான் வேறு மனு கொடுக்க நினைக்கிறேன், ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இது சட்டப்படி யார் வேலை? பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? இத்தனை ஆபீஸையும் ஒரே மேஜையில் உட்கார வைத்த ஊர் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்

ஐயா, மூன்று நகராட்சிகளில் 31 ஆண்டுகள் பணிபுரிந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இது உள்ளாட்சியின் வேலை. உணவு உரிமைக்காக பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு 2001-ல் தொடுத்த வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே வழக்கில்தான் 2010-ல் உச்ச நீதிமன்றம் வீடற்றோர் தங்குமிடங்களைப் பற்றியும் உத்தரவிட்டது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தது. 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது, நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் அதன் ஓர் அங்கமாயிற்று. தொடக்கத்தில் பெரிய நகரங்களுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும் மட்டும் இருந்தது, பின்னர் சட்டப்படி நகரமாக உள்ள எல்லா ஊர்களுக்கும் விரிக்கப்பட்டது. ஆகவே ‘நம்ம ஊர் ஒரு லட்சத்தைத் தொடவில்லை’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

உரக்கிடங்கு விஷயத்தில் அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையே உங்கள் பக்கம் இருக்கிறது. வீடற்றோர் கூடுகிற இடங்களுக்கு அருகிலேயே காப்பகம் அமைய வேண்டும் என்று அது சொல்கிறது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை ஆகியவை அதில் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு 50 சதுர அடிக்குக் குறையாமல் இடம், சமையலறை, குடிநீர், கழிப்பறை, பொருள் வைக்கப் பெட்டகம் என்று விவரமாகவே இருக்கும். மனுவில் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

இனி பணம். செலவில் ஒன்றிய அரசு 75 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் என்று இருந்தது, பிறகு 60-க்கு 40 ஆனது. நடத்தும் செலவுக்கு 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். அதன் பிறகு மாநிலமும் உள்ளாட்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இயக்கத்தின் காலமும் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே ‘தனி நிதி இல்லை’ என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பதில் அத்தோடு முடிந்துவிடாது. நகராட்சிக்குப் பொது நிதி இருக்கிறது. நகர்மன்றத் தீர்மானம் போட்டு அதிலிருந்து ஒதுக்கலாம். நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதி, மாநிலத் திட்டம் எதில் சேர்க்க முடியும் என்று கேட்கலாம். கட்டடத்தைப் பழுதுபார்க்க ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். உங்கள் வணிகர் சங்கம் நுழைய ஏற்ற வழி அது.

பாலத்தடிக் குடும்பத்துக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ரயிலடிக்கு ரயில்வே, மற்றவர்களுக்கு நகராட்சி என்று மூன்று மனு கொடுத்தால் மூன்று கோப்புகள் மூன்று பக்கம் போகும். நான் பணியில் இருந்தபோது அப்படித் தொலைந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இந்த மூவரையும் ஒரே நாளில் அழைக்க அதிகாரமுள்ளவர் ஆட்சியர்தான். ஆகவே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரே மனுவாகக் கொடுங்கள்.

31 என்று எண்ணியிருக்கிறீர்களே, அது மிகப் பெரிய வேலை. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவில் வீடற்றோரைத் தனியாக எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். ஒரே இரவில், தெரியாத ஊரில், டார்ச் விளக்கோடு போகும் ஆசிரியருக்கு மேல வீதி மண்டபத்தின் பின்பக்கம் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். அதற்கு முன் உங்கள் பட்டியலை, பெயர் இல்லாமல் இடமும் எண்ணிக்கையும் மட்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

---

பூக்கடை அக்கா

நானும் ஒரு பஸ் ஸ்டாண்டுல பூக்கடை போட்டிருக்கேன், வேற ஊரு. மார்க்கெட்டுல பூ எடுத்துக்கிட்டு காலையில நாலு மணிக்கு வந்து நிப்பேன். இருட்டா இருக்கும். எல்லாரும் நல்லவங்கன்னு சொல்றீங்க. குடிச்சுட்டுச் சேலையைப் பிடிச்சு இழுத்தவனும் அங்கதான் படுத்திருந்தான். கடை ஓரத்துல ஒண்ணுக்குப் போறாங்க, பூவை நான் எங்க வைக்கிறது? அவங்க பாவம்தான், நான் இல்லைங்கல. எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க. அப்புறப்படுத்தணும்னு சொல்ற கடைக்காரங்க எல்லாரையும் கெட்டவங்க கணக்குல சேர்த்துடாதீங்க அண்ணா.

---

காப்பகத்து அக்கா

மருந்துக்கடை அண்ணா, நான் இன்னொரு மாவட்டத்துல நகராட்சிக் காப்பகத்துல ஒம்பது வருசமா இருக்கேன். முதல்ல காப்பாளர், இப்ப மேலாளர். எங்க காப்பகத்தை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துது, கட்டடம் நகராட்சியோடது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

பணத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். கட்டிலுக்குப் பணம் கிடைக்கும். ஃபேனுக்குக் கிடைக்கும். ஃபேன் இறக்கைகள்ல பேரு எழுதிக் குடுப்பாங்க. எங்க ஹாலுல எட்டு ஃபேன், எட்டுலயும் பேரு. பொறந்த நாளுக்குப் பிரியாணி வரும், தீபாவளிக்கு 50 பேருக்கு 120 வேட்டி வரும். ராத்திரி விழிச்சிருக்கிற ஆளுக்குச் சம்பளம் குடுங்கன்னா மட்டும் யாரும் வர மாட்டாங்க. ஒம்பது வருசத்துல நான் பட்ட பாடெல்லாம் இதுக்குத்தான்.

கணக்கைப் பாருங்க. வருசத்துக்கு 6 லட்சம்னா மாசம் 50,000. மூணு ஷிஃப்டுக்கு மூணு காப்பாளர், தலைக்கு 9,000, மொத்தம் 27,000. எனக்கு 12,000. மிச்சம் 11,000. கரண்டு பில், ஃபினாயில், சோப்பு, கேஸ், பல்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அதுல. 50 பேருக்குப் பிரிச்சா ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஏழு ரூபா சொச்சம். அந்தப் பணமும் மாசா மாசம் வராது. ஒரு வருசம் எங்களுக்கு ஏழு மாசம் பில் பாஸாகல. கேஸ் கடையில கடன், மளிகைக் கடையில கடன். ஒரு காப்பாளர் தம்பி வேலையை விட்டுட்டுத் திருப்பூர் போயிட்டான். அவன் மேல கோபமே வரல எனக்கு.

அதனால உங்க சங்கத்துல கேக்கும்போது கட்டில் கேக்காதீங்க. ஒரு ராத்திரிக் காப்பாளரோட சம்பளத்தைக் கேளுங்க, ஒரு வருசத்துக்கு, எழுத்துல. கட்டில் தானா வந்துடும்.

இடத்தைப் பத்தி அந்த ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. எங்களுக்கும் முதல்ல ஊருக்கு வெளியிலதான் குடுத்தாங்க. நாலு மாசம் ஆறு பேருதான் இருந்தாங்க. ‘பாருங்க, கூப்பிட்டாலும் வர மாட்டேங்குறாங்க’ன்னு மேல எழுதிட்டாங்க. எப்படி வருவாங்க? கோவில்ல மதியம் அன்னதானம், மார்க்கெட்டுல விடியக்காலம் மூட்டை இறக்குற வேலை. இதை விட்டுட்டு 5 கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படுத்தா மறுநாள் வயித்துக்கு? இப்ப இருக்கிற இடம் மார்க்கெட்டுக்குப் பின்னாடி. அப்பயும் பேப்பர் பொறுக்குறவங்க வரல. ஒரு நாள் உக்காந்து பேசினப்பதான் தெரிஞ்சது. அவங்க மூட்டையை வெளிய விட்டுட்டு உள்ள படுத்தா, விடியறதுக்குள்ள யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு மூட்டைன்னா ரெண்டு நாள் உழைப்பு. படிக்கட்டுக்கு அடியில கம்பி வலை அடிச்சு, ஆளுக்கு ஒரு பூட்டு குடுத்தோம். 3,400 ரூபா செலவு. அந்த வாரமே ஒம்பது பேர் வந்தாங்க.

புதுசா வர்றவங்களைக் குளிக்க வைக்கிறது பத்தியும் சொல்லணும், ஏன்னா அங்கதான் நம்பிக்கை வருது, இல்லைன்னா போகுது. போன மழைக்கு ஒரு ஐயாவைக் கூட்டிட்டு வந்தோம். சட்டை உடம்போட ஒட்டிக் கிடந்தது. சுடுதண்ணி வச்சு, மூணு மணி நேரம் காத்திருந்தோம், வேட்டிய அவுக்க மாட்டேன்னுட்டார். இடுப்புல ஒரு சுருக்குப்பை. அது போயிடும்னு பயம். அப்புறம் நான் பதிவேட்டை எடுத்துட்டு வந்து அவர் முன்னாடி உக்காந்தேன். அவரே பையை அவுத்துக் கொட்டினார், நானும் இன்னொருத்தரும் எண்ணினோம். 2,340 ரூபா, பாதிக்கு மேல சில்லறை. நோட்டுல எழுதி ரெண்டு பேர் கையெழுத்து, அவர் கைநாட்டு. குளிச்சு, முடி வெட்டி, துண்டோட வந்து நின்னதும் திரும்ப எண்ணிக் குடுத்தோம். அஞ்சு நிமிசம் அவரும் ஒருமுறை எண்ணினார். அப்புறம்தான் சாப்பிட்டார். இப்ப எங்க வாசல் கூட்டுறது அவர்தான்.

ஆபீஸுங்களை ஒண்ணா உக்கார வச்சது எப்படின்னு கேட்டீங்க. ஒரு ராத்திரி பத்து மணிக்கு எங்க கேட்டுல ஒருத்தரை ஆஸ்பத்திரியில இருந்து ஆட்டோவுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. கையில யூரின் பை, காகிதம் ஒண்ணும் இல்ல. என்ன ஆபரேசன், என்ன மாத்திரை, ஒண்ணும் தெரியாது. மறுநாள் காய்ச்சல்ல மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடினோம். அப்ப இருந்த நகராட்சி ஆணையர் நல்ல மனுசர். அவர்கிட்ட போய் அழுதுட்டேன். அவர் யாரையும் திட்டல. மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ஒரு கூட்டம்னு போட்டார். நகராட்சி சுகாதார அலுவலர், ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தர், டவுன் ஸ்டேசன் எஸ்.ஐ., ரயில்வே போலீஸ்ல ஒருத்தர், வட்டாட்சியர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர், நான். ஒரு டீ, ஒரு மணி நேரம். பெரிய தீர்மானம் ஒண்ணும் போடல. ஒரே பக்கத்துல எழுதினோம்: டிஸ்சார்ஜ் சாயங்காலம் 4 மணிக்குள்ள, சீட்டோட, ஏழு நாள் மருந்தோட. முதல்ல எனக்கு போன். போலீஸ் ராத்திரி யாரையாவது பார்த்தா வேன்ல ஏத்தி ஊர் எல்லைக்குப் போறதில்ல, காப்பகத்துக்கு. வட்டாட்சியர் ஆபீஸ் மாசத்துல ஒரு நாள் காப்பகத்துக்கே வந்து முதியோர் உதவித்தொகை மனு வாங்கும். அந்தப் பக்கத்தை ஸ்டேசன்லயும் ஆஸ்பத்திரி கேசுவால்டியிலயும் ஒட்டியிருக்கு. எஸ்.ஐ. மாறுவாங்க, டாக்டர் மாறுவாங்க, தாள் இருக்கும்.

1,200 ரூபா உதவித்தொகை இப்ப எங்ககிட்ட 14 பேருக்கு வருது. காப்பக முகவரியைப் போட்டு ஆதார் எடுத்தோம், பேங்க் கணக்குத் தொறந்தோம். ஓட்டும் இருக்கு. வீடில்லாதவங்க வாக்காளர் பட்டியல்ல பேரு சேர்க்கிற படிவம் 6 குடுத்தா முகவரிச் சான்று வேண்டாம். அவங்க அங்கதான் தூங்குறாங்களான்னு வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில வந்து பார்த்து எழுதிக்குவார். இதை நிறைய பேருக்குச் சொல்லவே மாட்டேங்குறாங்க. ஓட்டு இருக்குற இடத்துக்குக் கவுன்சிலர் வருவார், நான் கண்ணால பார்த்தது.

பூக்கடை அக்கா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. உங்க சேலையை இழுத்தவன் மேல கேஸ் குடுக்கணும், அவன் எங்க படுத்தாலும் சரி. குடிக்கிறவங்க எங்ககிட்டயும் இருக்காங்க. பாட்டில் உள்ள வரக்கூடாது, குடிச்சுட்டு வந்தா ஹாலுக்குள்ள இல்ல, வராண்டாவுல படுக்கலாம், பெண்கள் பகுதிக்குத் தனி வாசல், தனிப் பூட்டு. துரத்திவிட்டா அவங்க உங்க கடை ஓரத்துக்குத்தான் வருவாங்க. ஒண்ணுக்குப் போறதுக்கும் அதே கதை. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை ராத்திரி 10 மணிக்குப் பூட்டுறாங்க, திறந்தாலும் காசு. ராத்திரியில இலவசமாத் திறந்து வைக்கச் சொல்லி நீங்க ரெண்டு பேருமே ஒரே மனுவுல கையெழுத்துப் போடலாம்.

---

மனநலப் பணியாளர்

ஒரே ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன், யாரும் சொல்லவில்லை. அந்த 31 பேரில் தனக்குத்தானே பேசிக்கொண்டு, யாரிடமும் எதுவும் வாங்கிச் சாப்பிடாமல் இருப்பவர் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கு வழி வேறு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 100: தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித்திரிகிறவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்து, குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை. ஊர் எல்லையில் இறக்கிவிடுவது இதற்கு நேர் எதிரானது. அங்கே தேடுகிற குடும்பத்துக்கு அவர் இன்னும் ஒரு ஊர் தள்ளிப் போய்விடுகிறார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் இப்படி மீட்கப்படுகிறவர்களுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். தெருவில் நின்று நீங்களாக யாரையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றாதீர்கள். பயந்து ஓடினால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு வாரம் அதே ஆள், அதே நேரம், ஒரு டீயோடு போய் உட்காருங்கள். பெரும்பாலும் பெயர் வந்துவிடும். ஊர் பெயரும் சில சமயம் வரும்.

---

மருந்துக்கடைக்காரர்

புதன்கிழமை கூட்டம் முடிந்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை மகள் அச்செடுத்துக் கொடுத்தாள், கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். பூக்கடை அக்கா, உங்கள் பதிலைத்தான் முதலில் வாசித்தேன். அப்புறப்படுத்தச் சொன்னவர்கள் அதைக் கேட்ட பிறகுதான் மற்றதையும் கேட்டார்கள்.

கட்டில் கேட்கவில்லை. ராத்திரிக் காப்பாளர் சம்பளம் மாதம் 9,000 என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாத்திரக்கடைக்காரர்தான் கால்குலேட்டரை எடுத்தார். சங்கத்தில் 43 கடைகள், கடைக்கு 210 ரூபாய் போட்டால் 9,030. நாற்பத்தொரு கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மீதி இரண்டை நானும் பாத்திரக்கடைக்காரரும் ஏற்றுக்கொண்டோம். ஒரு வருடத்துக்குத்தான், அதற்குள் நகர்மன்றத்தில் ஒதுக்கீடு வாங்க வேண்டும்.

இடமும் ஒன்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து 300 மீட்டரில் நகராட்சியின் பழைய தாய்சேய் நல விடுதி பூட்டிக் கிடக்கிறது. என் மகள் பிறந்தது அங்கேதான். ஓட்டுக்கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது, கிணறு நன்றாக இருக்கிறது. மனுவில் அதைக் கேட்கிறோம். உரக்கிடங்கு வேண்டாம் என்பதற்கு நெறிமுறைப் பத்தியைச் சேர்த்திருக்கிறோம். மாதம் ஒரு கூட்டம், ஒரே பக்கத் தாள், ராத்திரி கழிப்பறை, ஊர் எல்லையில் இறக்கிவிடுவதை நிறுத்துவது என நான்கையும் எழுதியாயிற்று. ஐயா, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையிலும் இதை வைக்கலாமா?

தாத்தாவிடம் சொன்னேன். புண்ணைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன், சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவாங்க?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கா, உங்கள் ஊரில் எப்படி?

---

ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்

தாராளமாக வைக்கலாம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தொடங்கிய பகுதி சபைகள் இதற்கானவைதான். உங்கள் வார்டு உறுப்பினரைக் கூட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அங்கே பதிவானால் நகர்மன்றப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்ல வலு கிடைக்கும். தாய்சேய் விடுதிக் கட்டடத்துக்கு உறுதித்தன்மைச் சான்று கேட்பார்கள். நகராட்சிப் பொறியாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அதில்தான் மாதக்கணக்கில் தாமதமாகும்.

---

காப்பகத்து அக்கா

பூட்டறதில்ல அண்ணா. மார்க்கெட்டுல லோடு இறக்கிட்டு ஒரு மணிக்கு வர்றவங்க இருக்காங்க, விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து போறவங்க இருக்காங்க. கதவைச் சும்மா சாத்தி வச்சிருப்போம், பக்கத்துல நாற்காலி போட்டு ஒரு ஆள் முழிச்சிருப்பாங்க. தாத்தாகிட்ட அப்படியே சொல்லுங்க.

மதிப்பீடு போடும்போது சின்ன ஃபிரிட்ஜ் ஒண்ணையும் சேர்த்துடுங்க, இன்சுலினுக்கு. எங்களுக்கு முதல்ல அது தோணல, ரெண்டு வருசம் பக்கத்து ஐஸ்கிரீம் கடையில வச்சிருந்தோம். திங்கட்கிழமை மனு குடுத்துட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காம வந்துடாதீங்க. நம்பர் இருந்தாத்தான் அடுத்த வாரம் போய்க் கேக்க முடியும்.